ஒற்றை நட்சத்திரமும் ஒரு நாட்குறிப்பும்: 'மூன் நைற்' இரசிகர்கள் எமக்குச் சொல்வது

2022 ஆம் ஆண்டு மார்ச் 30 ஆம் திகதி டிஸ்னி பிளஸ் தளத்தில் 'மூன் நைற்' என்ற தொடர் தொடங்கியது. கிழமைக்கு ஒன்றாக ஆறு பகுதிகள் வந்து மே 4 ஆம் திகதி முடிந்தது. மார்வெல் நிறுவனத்தின் இன்னொரு அதிமனிதக் கதை என்று பெற்றோர் பலர் கடந்து போயிருப்பீர்கள். பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். 2020 செப்ரெம்பரில் டிஸ்னி பிளஸ் டென்மார்க்குக்கு வந்ததில் இருந்து இந்தக் கதைகள் எல்லாம் எங்கள் வீட்டு வரவேற்பறைக்குள்ளேயே வந்துவிட்டன.

தொடர் நல்லதா கூடாததா என்று தீர்ப்புச் சொல்வது இந்தக் கட்டுரையின் நோக்கமில்லை. அதைப் பார்த்தவர்கள் காட்டிய எதிர்வினைகளில், நாடு விட்டு வந்த தமிழ்க் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய சில விடயங்கள் இருக்கின்றன. எகிப்தியர் ஒரு விதமாக மகிழ்ந்தார்கள். புராணம் படித்தவர்கள் வேறு விதமாகக் குறை சொன்னார்கள். மனநோயோடு வாழ்பவர்கள் தங்களைத் தேடினார்கள். இன்னும் சிலர் ஒரேயொரு சொல்லுக்காகத் தொடருக்கு ஒற்றை நட்சத்திரம் இட்டார்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கதை இதுதான்

இலண்டனில் ஒரு அருங்காட்சியகத்தின் பரிசுப்பொருட் கடையில் வேலை செய்பவன் ஸ்டீவன் கிராண்ட். பயந்த சுபாவம் கொண்டவன். அதே உடலில் மார்க் ஸ்பெக்டர் என்ற கூலிப்படை வீரனும் இருக்கிறான் என்பது போகப்போகத் தெரிகிறது. இருவரையும் ஒஸ்கார் ஐசக் நடித்தார். மார்க்கை ஆட்டிவைப்பது கொன்ஷு என்ற எகிப்திய நிலாக்கடவுள். எதிரி ஆர்தர் ஹரோ. அம்மித் என்ற தெய்வத்தை எழுப்பி, குற்றம் செய்யப்போகிறவர்களைச் செய்வதற்கு முன்பே கொன்றுவிட வேண்டும் என்பது அவனது கொள்கை. மூன் நைற் என்ற பாத்திரம் புதியதல்ல. 1975 இல் ஒரு மார்வெல் சித்திரக்கதையில் முதலில் தோன்றியது.

எங்கள் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டிய ஒரு சொல் இதில் இருக்கிறது. கடவுளின் ஆளாக இயங்கும் மனிதனை இந்தத் தொடரில் 'அவதார்' என்கிறார்கள். சொல் எங்களுடையது, பொருள் மாறிவிட்டது. அவதாரம் என்றால் கடவுளே பிறப்பெடுத்து இறங்கி வருவது. ஒரு மனிதன்மேல் தெய்வம் வந்து அவன் வாயால் பேசுவதை ஊரில் உரு வருதல், உருவாடுதல் என்றுதானே சொல்வோம். கொன்ஷு மார்க்கின்மேல் வருவது அந்த உருவுக்குத்தான் கிட்ட நிற்கிறது. அம்மன் கோவில் பொங்கலில் பூசாரி உருவாடுவதைப் பார்த்த பிள்ளைக்கு, இந்தத் தொடரின் பாதி அப்போதே விளங்கிவிடும்.

எகிப்தியர் ஏன் மகிழ்ந்தார்கள்

தொடரின் ஆறு பகுதிகளில் நான்கை இயக்கியவர் மொஹமட் டியாப். எகிப்தியர். 'கெய்ரோ 678', 'கிளாஷ்' ஆகிய படங்களை எடுத்தவர். 'வொண்டர் வுமன் 1984' படம் எகிப்தைக் காட்டிய விதத்தை அவர் வெளிப்படையாகவே கண்டித்தார். மேற்கத்தியப் படங்களில் எகிப்து என்றால் மணல், ஒட்டகம், மஞ்சள் வெளிச்சம், கத்திக்கொண்டு ஓடும் கூட்டம். கெய்ரோ கோடிக்கணக்கான மக்கள் வாழும் பெருநகரம் என்பது அவற்றில் தெரியாது.

டியாப்பும் அவரது மனைவி சாரா கோஹரும் இந்த வேலையைக் கேட்டு மார்வெலிடம் போகும்போது சுமார் 200 பக்கத்துக்கு ஒரு ஆவணம் தயாரித்துக்கொண்டு போனார்கள். படப்பிடிப்புப் பெரும்பாலும் ஹங்கேரியின் புடாபெஸ்ற் நகரில்தான் நடந்தது. பாலைவனக் காட்சிகளுக்கு யோர்தானுக்குப் போனார்கள். அப்படியிருந்தும் திரையில் வந்த கெய்ரோத் தெருவைப் பார்த்த எகிப்தியர் பலர், இது எங்கள் ஊர் என்றார்கள். கடைப் பலகை, தெருச் சத்தம், இளைஞர்கள் இன்று கேட்கும் அரபுப் பாட்டு எல்லாம் சரியாக இருந்தன. இசையமைத்த ஹெஷாம் நசீஹும் எகிப்தியர்.

இரசிகர்கள் அதிகம் பேசியது கடைசிப் பகுதியின் ஒரு சிறு காட்சியைப் பற்றி. மே கலமாவி நடித்த லைலா என்ற பெண் சிறகு விரித்துச் சண்டையிடுகிறாள். அவள் காப்பாற்றிய ஒரு சிறுமி, நீ எகிப்திய வீராங்கனையா என்று அரபியில் கேட்கிறாள். லைலா ஆம் என்கிறாள். சில விநாடிகள்தான். அரபு நாடுகளிலும் புலம்பெயர்ந்தும் வாழும் பெண்கள் பலர் அந்த விநாடிகளைத்தான் திரும்பத் திரும்பப் பகிர்ந்தார்கள். தொடரில் மலையளவு சண்டைக்காட்சி இருந்தும் மனதில் நின்றது இந்தச் சின்னக் கேள்வி. 200 பக்க ஆவணத்தின் பலன் இப்படியான இடங்களில்தான் தெரிகிறது.

சித்திரக்கதையில் மார்க் ஸ்பெக்டர் ஒரு யூத மதகுருவின் மகன். ஆகவே யூத இரசிகர்களும் தங்களைத் தேடினார்கள். ஐந்தாம் பகுதியில் தாயின் மரணத்துக்குப் பின்னரான துக்க நாட்களும் அவன் தலையில் அணியும் சிறு தொப்பியும் வருகின்றன. அது போதும் என்றனர் சிலர். அவன் யூதன் என்று வாய் திறந்து சொல்ல ஏன் இவ்வளவு தயக்கம் என்று கேட்டனர் வேறு சிலர். ஒரே காட்சி, இரண்டு விதமான கணக்கு.

புராணம் பிழையா?

பழைய எகிப்தைப் படித்தவர்களின் குறை வேறு. அம்மித் முதலைத் தலையும் சிங்கத்தின் முன்னுடலும் நீர்யானையின் பின்னுடலும் கொண்டவள். பழைய நம்பிக்கையில் இறந்தவனின் இதயத்தை நீதியின் இறகோடு தராசில் வைத்து நிறுப்பார்கள். இதயம் பாரமாக இருந்தால் அம்மித் அதை விழுங்குவாள். அதாவது வாழ்ந்து முடித்த பிறகுதான் தீர்ப்பு. தொடரிலோ குற்றம் நடக்குமுன்னே தீர்ப்பு. அதேபோல் பழைய எகிப்தில் கொன்ஷு, அமூன், மூத் ஆகியோருடன் தேபஸ் நகரில் குடும்பமாக வழிபடப்பட்டவர். கார்னக்கில் அவருக்குத் தனிக் கோவில் இன்றும் நிற்கிறது. பழிவாங்குவது மட்டுமே அவர் வேலையாக இருந்ததில்லை.

இந்தக் குறைகள் உண்மைதான். ஆனால் தெரிந்தே செய்த மாற்றமும் தெரியாமல் விட்ட பிழையும் ஒன்றல்ல. அம்மித்தின் தீர்ப்பை முன்னுக்கு நகர்த்தியதால்தான், செய்யாத குற்றத்துக்குத் தண்டிக்கலாமா என்ற கேள்வியே கதையில் பிறக்கிறது. சந்தேகத்தின் பேரில் பிடித்துச் செல்லப்பட்ட பிள்ளைகளின் கதை தெரிந்த எங்களுக்கு அந்தக் கேள்வி அந்நியமானதில்லை.

நாங்கள் வாழும் டென்மார்க்கில் இதே விவாதம் முன்னரே நடந்து முடிந்த ஒன்று. இங்கே கிழமை நாட்களே கடவுள்களின் பெயர்கள். 'ஒன்ஸ்டே' ஓடினுடைய நாள், 'டோர்ஸ்டே' தோருடைய நாள். 1962 இல் மார்வெல் தோரைச் சித்திரக்கதை வீரனாக்கியபோது பழைய கதைகளின் செந்தாடியை எடுத்துவிட்டுப் பொன்முடி இளைஞனாக்கினார்கள். டெனிஷ்காரர் தங்கள் பதிலை ஊர்வலமாகக் காட்டவில்லை. தங்கள் தோரைத் தாங்களே வரைந்தார்கள். பீற்றர் மட்சனும் நண்பர்களும் உருவாக்கிய 'வல்ஹல்லா' சித்திரக்கதை 1979 இல் தொடங்கி 2009 வரை 15 தொகுதிகளாக வந்தது. 1986 இல் அது கேலிச்சித்திரத் திரைப்படமாகவும் வந்தது. எங்கள் பிள்ளைகளில் பலர் பள்ளிக்கூட நூலகத்தில் இதை எடுத்துப் படித்தவர்கள்.

2019 இல் அதே 'வல்ஹல்லா' நடிகர்களைக் கொண்டு மீண்டும் திரைப்படமானது. இயக்கியவர் பெனார் அஹ்மட். ஈராக்கியப் பெற்றோருக்குச் செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்து டென்மார்க்கில் வளர்ந்தவர். வந்து சேர்ந்த குடும்பத்தின் பிள்ளை, வந்த நாட்டின் ஆதிக் கதையை எடுத்திருக்கிறார். கதையைச் சொல்லும் உரிமை பிறப்பால் மட்டும் வருவதில்லை, படித்தறிந்த விவரத்தாலும் வருகிறது என்பதற்கு இதைவிடக் கிட்டிய உதாரணம் எங்களுக்கு வேண்டியதில்லை.

ஒரு வேறுபாட்டை மறக்கக்கூடாது. கொன்ஷுவை இன்று கும்பிடுபவர் மிகவும் அரிது. தோரையும் ஓடினையும் வழிபடும் ஒரு சிறு சபைக்கு 2003 இல் டெனிஷ் அரசின் அங்கீகாரம் கிடைத்தது என்றாலும், பெரும்பாலானவர்களுக்கு அவை கதைகளே. எங்கள் தெய்வங்களோ ஹேர்னிங் சித்தி விநாயகர் கோவிலிலும் பிராண்டே அபிராமி அம்மன் கோவிலிலும் கோடையில் தேரேறி வருபவை. நாளை முருகனை ஒருவர் தொடராக எடுத்தால் எங்கள் எதிர்வினை டெனிஷ்காரர் போல இராது. அப்போது கோபப்படுவதற்கு முன் ஒன்றைக் கேட்டுப் பார்க்கலாம்: எடுத்தவர் எங்கள் கதையைப் படித்துவிட்டு மாற்றினாரா, படிக்காமலே எழுதினாரா?

கடவுளா, நோயா?

மார்க்கும் ஸ்டீவனும் ஓருடலில் இருப்பது ஒரு மனநோய். சிறுவயதில் தாங்க முடியாத துன்பம் அனுபவித்தவர்களில் சிலருக்கு மனம் பல ஆட்களாகப் பிரிந்து நிற்கும். நான்காம் பகுதியின் முடிவில் கதாநாயகன் ஒரு மனநோய் வைத்தியசாலையில் கண்விழிக்கிறான். அந்தக் கிழமை முழுவதும் இரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். பார்த்தது எல்லாம் அவன் கற்பனையா, கடவுள்கள் உண்மையா? தொடர் இறுதியில் இரண்டையும் வைத்துக்கொண்டது. கடவுளும் உண்மை, நோயும் உண்மை. தாயின் கொடுமையில் இருந்து தன்னைக் காத்துக்கொள்ளச் சிறுவன் மார்க்கே ஸ்டீவனை உருவாக்கினான் என்ற ஐந்தாம் பகுதியைப் பலர் தொடரின் சிறந்த பகுதி என்றார்கள்.

இதற்கு நேரெதிராக முடிந்த ஒரு தொடர் டென்மார்க்கில் இருந்தே போனது. 'போர்கன்' தொடரை உருவாக்கிய அடம் பிரைஸ் எழுதி, டெனிஷ் நிறுவனம் தயாரித்த 'ரக்னரொக்' நெற்ஃபிளிக்ஸில் 2020 இல் தொடங்கியது. நோர்வேயின் ஒரு சிற்றூரில் மக்னெ என்ற பள்ளி மாணவனுக்குள் தோரின் பலம் வருகிறது. ஊரை நஞ்சாக்கும் தொழிற்சாலைக் குடும்பத்தோடு அவன் மோதுகிறான். 2023 ஓகஸ்ற்றில் மூன்றாவதும் கடைசியுமான பருவம் வந்தது. அதன் முடிவு, தெய்வப்போர் எல்லாம் அந்தப் பையனின் நோயுற்ற மனத்தின் கற்பனை என்ற பொருள்பட அமைந்தது. மூன்று பருவம் நம்பிப் பார்த்தவர்களுக்குக் கோபம். எங்களை ஏமாற்றிவிட்டீர்கள் என்றார்கள். நோயோடு வாழும் ஒரு இளைஞனைப் பரிவோடு காட்டியிருக்கிறார்கள் என்று ஏற்றுக்கொண்டவர்களும் இருந்தார்கள்.

இரண்டையும் அருகருகே வைத்தால் இரசிகர் மனம் விளங்கும். நோயைக் காட்டியதற்காக யாரும் கோபிக்கவில்லை. அந்த நோயைக் காட்டி, அதுவரை பட்டதெல்லாம் பொய் என்று சொன்னதற்குத்தான் கோபித்தார்கள். போருக்குப் பின் நித்திரை இல்லாமல், சத்தம் கேட்டால் திடுக்கிட்டு வாழும் எங்கள் மூத்தவர்களுக்கும் இது பொருந்தும். அது மனதின் பாதிப்பு என்று வைத்தியர் சொல்வது சரி. ஆனால் நடந்தது நடந்ததுதான்.

ஒரு சொல்லுக்கு விழுந்த ஒற்றை நட்சத்திரங்கள்

இரண்டாம் பகுதியில் எதிரி ஹரோ, அம்மித் முன்பே எழுந்திருந்தால் எதையெல்லாம் தடுத்திருப்பாள் என்று அடுக்குகிறான். ஹிட்லர், நீரோ, பொல்பொட் ஆகியோருடன் ஆர்மேனிய இனப்படுகொலையும் அந்த வரிசையில் வருகிறது. ஒரு வசனத்தில் ஒரு சொற்றொடர், அதுவும் வில்லனின் வாயில். 1915 இல் ஒட்டோமான் பேரரசில் தொடங்கிய அந்தப் பெருங்கொலையை இனப்படுகொலை என்று சொல்வதைத் துருக்கி அரசு இன்றுவரை மறுத்து வருகிறது.

2022 ஏப்ரலில், திரைப்படங்களுக்கும் தொடர்களுக்கும் பத்துக்கு இத்தனை என்று பார்வையாளர் புள்ளியிடும் பெரிய தளமான ஐ.எம்.டி.பி.யில் 'மூன் நைற்'றுக்கு ஒற்றை நட்சத்திரங்கள் வந்து குவிந்தன. பலர் எழுதிய குறிப்புகளில் நடிப்பைப் பற்றியோ கதையைப் பற்றியோ பேச்சில்லை. அந்தச் சொல்லைப் பற்றியே இருந்தது. இப்படிச் செய்வதற்குப் 'புள்ளிக் குண்டு' என்று பெயர் வைக்கலாம். கதையை மதிப்பிடுவது இதன் நோக்கமல்ல. அந்தச் சொல்லை இனி யாரும் எழுதப் பயப்பட வேண்டும் என்பதே நோக்கம்.

கணக்கு வேலை செய்பவன் என்ற முறையில், இது எப்படி இயங்குகிறது என்பதைச் சொல்கிறேன். 1000 பேர் புள்ளியிட்டதாக வையுங்கள். 900 பேர் 8 தருகிறார்கள், 100 பேர் 1 தருகிறார்கள். சராசரி 7.3. ஒற்றை நட்சத்திரக்காரர் 300 ஆனால் 8 தருபவர்கள் 700. சராசரி 5.9. இன்னொரு தொடரைப் பார்த்த 1000 பேரில் 900 பேர் 6 உம் 100 பேர் 5 உம் தந்தால் அதற்கும் 5.9 தான். முதலாவது பெரும்பான்மையோர் மிகவும் விரும்பியது. இரண்டாவது யாரையும் பெரிதாகத் தொடாதது. சராசரி என்ற ஒற்றை எண் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. ஐந்தொகையின் கடைசி வரியை மட்டும் பார்த்து ஒரு கடையை மதிப்பிட முடியாதது போலத்தான் இதுவும்.

தளங்களுக்கும் இது தெரியும். ஐ.எம்.டி.பி. எல்லா வாக்கையும் ஒரே எடையில் கூட்டுவதில்லை. எப்படி எடை போடுகிறது என்பதை வெளியே சொல்வதுமில்லை. ரொட்டன் ரொமேற்றோஸ் தளம் 2019 இல், படம் வெளிவருமுன்பே பார்வையாளர் கருத்து எழுதும் வசதியை எடுத்துவிட்டது. எனவே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது இதுதான். எண்ணைப் பார்க்காதே. புள்ளிகள் எப்படிப் பிரிந்து கிடக்கின்றன என்று பார். எல்லாம் பத்திலும் ஒன்றிலும் குவிந்து, நடுவில் வெறுமையாக இருந்தால், அங்கே கதையைவிட வேறேதோ நடக்கிறது.

ஒரு டெனிஷ் நாட்குறிப்பு

ஆர்மேனியர் விடயத்தில் டென்மார்க்குக்கும் ஒரு பங்கு உண்டு. ஹோர்சென்ஸ் பக்கத்து கிலிங் என்ற ஊரில் 1876 இல் பிறந்த கரென் யெப்ப, உர்ஃபாவில் ஆர்மேனியப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவர். கொலைக்காலத்தில் பலரை ஒளித்து வைத்துக் காப்பாற்றினார். பின்னர் சிரியாவின் அலெப்போவில், கடத்தப்பட்ட பெண்களையும் பிள்ளைகளையும் மீட்டெடுக்கும் பணியைச் செய்தார். ஹோர்சென்ஸில் வளர்ந்த மரியா யாக்கொப்சன் என்ற தாதி ஹார்பூத் பகுதியில் பணியாற்றினார். 1907 முதல் 1919 வரை நாட்குறிப்பு எழுதினார். யார் வந்தார்கள், எத்தனை பேர் கொண்டு செல்லப்பட்டார்கள், என்ன கண்டேன் என்று அன்றன்றே எழுதி வைத்தார். பிற்காலத்தில் லெபனானில் ஆர்மேனிய அநாதைப் பிள்ளைகளுக்காக 'பறவைக்கூடு' என்ற இல்லத்தை நடத்தினார்.

அந்த நாட்குறிப்பு இன்று ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டும் முக்கிய சாட்சியங்களில் ஒன்று. எழுதும்போது அவருக்கு இரசிகர்கள் இல்லை, புள்ளியும் இல்லை. ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு ஒரு தொலைக்காட்சித் தொடரில் அந்தச் சொல் இயல்பாக வந்து விழுகிறது என்றால், இப்படி எழுதி வைத்தவர்கள் இருந்ததும், உயிர்தப்பியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்ததும் அதற்குப் பின்னால் நிற்கின்றன. ஆயிரம் ஒற்றை நட்சத்திரங்கள் சேர்ந்தாலும் அந்த நாட்குறிப்பின் ஒரு பக்கத்தை அழிக்க முடியாது.

எங்கள் முறை வரும்போது

எங்களுக்கு இது புதிதல்ல. 2021 மே மாதம் 'த ஃபாமிலி மேன்' தொடரின் இரண்டாம் பருவத்துக்கு முன்னோட்டம் வந்தது. சமந்தா ஈழப் போராளியாக நடித்திருந்தார். தொடர் வெளிவருமுன்பே தடை கோரும் குரல்கள் எழுந்தன. தமிழ்நாட்டு அமைச்சர் மனோ தங்கராஜ் அதை நிறுத்தும்படி இந்திய மத்திய அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். யூன் தொடக்கத்தில் தொடர் வந்தது. அதன்பின் நடிகையின் முகத்துக்குக் கறுப்புப் பூசியது ஏன் என்ற கேள்வி எழுந்தது. எங்கள் போராட்டத்தை எங்கோ உள்ள பயங்கரவாதத்தோடு முடிச்சுப் போட்டது ஏன் என்றும் கேட்டார்கள். அந்தக் கேள்விகளுக்குக் கனம் இருந்தது, ஏனென்றால் அவை பார்த்துவிட்டுக் கேட்கப்பட்டவை. பார்க்குமுன் எழுந்த கூச்சலைவிட அவைதான் இன்றும் நிற்கின்றன.

2022 யூனில் வந்த 'மிஸ் மார்வெல்' தொடர் 1947 இந்தியப் பிரிவினையையும் கராச்சிக்குப் போகும் கடைசி ரயிலையும் ஒரு பதின்மவயதுப் பெண்ணின் குடும்பக் கதையாகக் காட்டியது. அதைப் பார்த்த தெற்காசியப் பிள்ளைகள் பலர் வீட்டில் பாட்டியிடம், நீங்கள் எப்படி வந்தீர்கள் என்று கேட்கத் தொடங்கினார்கள். ஒரு தொடரால் ஆகக்கூடிய நன்மை அவ்வளவுதான். கேள்வியைப் பிறப்பிக்கும். பதில் வீட்டில் இருக்க வேண்டும்.

ஒருநாள் எங்கள் கதையும் இப்படி ஒரு தொடரில் வரும். முள்ளிவாய்க்கால் என்ற சொல் ஒரு பாத்திரத்தின் வாயில் ஒரு வசனமாக விழும். அன்றைக்கு ஒற்றை நட்சத்திரங்களும் வந்து குவியும். பதிலுக்கு நாங்களும் பத்து நட்சத்திரம் இட ஆட்களைத் திரட்டலாம். அது ஒரு கிழமைக்குத்தான். அதை எழுதப்போகிற பிள்ளையின் கையில் 200 பக்க விவரம் இருக்குமா என்பதுதான் பெரிய கேள்வி. அந்தப் பிள்ளை ஹோர்சென்ஸிலோ ஹேர்னிங்கிலோ இன்று உயர்பள்ளியில் படித்துக்கொண்டிருக்கலாம். எந்த ஊரில் இருந்து எந்த ஊருக்கு இடம்பெயர்ந்தோம், எந்தத் திகதி, யார் கூட வந்தது, யார் வரவில்லை, பங்கருக்குள் என்ன சாப்பிட்டோம், அந்தத் தெருவில் எந்தக் கடை இருந்தது என்பவை எல்லாம் இன்னும் பெரியவர்களின் நினைவில்தான் இருக்கின்றன. கடதாசியில் இல்லை.

ஆகவே இந்தக் கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு 'மூன் நைற்' பாருங்கள். முடிந்தால் கொப்பன்ஹேகனுக்குப் போய் கிளிப்டொடெக் அருங்காட்சியகத்தில் நரித்தலைக் கடவுள் அனூபிஸின் பழைய கற்சிலையையும் காட்டுங்கள். வீட்டுக்கு வந்த பின் ஒரு கொப்பியை எடுத்து, உங்கள் அம்மாவோ அப்பாவோ சொல்லச் சொல்லப் பிள்ளையைக் கொண்டு எழுதுவியுங்கள். திகதி, ஊர், பெயர். தமிழில் எழுத வராவிட்டால் டெனிஷில் எழுதட்டும். மரியா யாக்கொப்சனும் தன் மொழியில்தான் எழுதினார்.